டொக்டரின் குரலில் ஐந்நூறு

ஆறு பன்னிரண்டு. கண்ணாடிக்கு அங்கால் அண்ணாவின் முதுகு. முதுகு என்றால் அது மட்டும்தான், பச்சைப் போர்வைக்கு வெளியே ஒரு தோள்மூட்டும் மயிர் கொட்டிப்போன பின்மண்டையும், ஐந்து நாளாக எனக்குக் கிடைத்திருப்பது இவ்வளவுதான், அந்தப் பின்மண்டை அப்படியே அப்பாவின் பின்மண்டை, அதே இடத்தில் அதே நசுங்கல், இதைச் சொன்னால் சிரிப்பான், சிரித்தால் வாய்ப்புண் நோகும், நொந்தால் என்னை ஏசுவான், ஏசினால் எவ்வளவு நன்றாக இருக்கும், ஆனால் அதற்கு அவன் திரும்ப வேண்டும். ஏழு மணிக்குக் கவுண்ட் வரும். ஐந்து மணிக்கே லிஜி சிஸ்டர் அவன் நெஞ்சுக் குழாயில் இருந்து இரத்தம் எடுத்துக் கீழே அனுப்பியிருப்பா, இப்போது அது ஏதோ ஒரு மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும், அதில் வெள்ளை அணு எத்தனை என்று ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருப்பார், அவர் ரீ குடித்திருப்பாரா, கொட்டாவி விடுவாரா, கொட்டாவியில் ஒரு சைபர் தவறிப்போகுமா. இன்றைக்குப் பதினாறாம் நாள். இங்கே திங்கள் செவ்வாய் எல்லாம் கிடையாது, என்னிடமிருந்து எடுத்த செல்களை அண்ணாவுக்குள் ஏற்றிய நாள் சைபர், அதிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். ஐந்நூறு தாண்டினால் என் செல்கள் அவன் எலும்புக்குள் குடியேறிவிட்டன. தாண்டாவிட்டால் என்று தொடங்குகிற வசனத்தை நான் முடிப்பதில்லை. நேற்று இருநூற்றுப் பத்து. லிஜி சிஸ்டர் உள்ளே நின்று கண்ணாடியில் நீல மார்க்கரால் எழுதுவா, அவன் படுத்தபடி வாசிக்க வேண்டும் என்பதற்காக, அதனால் வெளியே இருக்கிற எங்களுக்கு எல்லா இலக்கமும் புறம் திரும்பித் தெரியும், இந்த நடையில் இருக்கிற தாய் தகப்பன் எல்லாரும் புறம் திரும்பிய இலக்கம் வாசிக்கப் பழகியவர்கள், இப்போது கடைப் பலகையில் நேராக எழுதிய இரண்டைப் பார்த்தால் எனக்கு ஒரு கணம் பிழையாகத் தெரிகிறது.

குளிர். ஏசியை ஆரோ கூட்டி வைத்திருக்கிறார்கள். ஏழாம் மாடியில் லிஃப்ட் திறந்தவுடன் கொடி ஒட்டிய மேசை ஒன்று, ‘சர்வதேச நோயாளிகள்’ என்று எட்டு மொழியில் பலகை, முதல் நாள் அந்த மேசையில் இருந்த பிரமீளா அக்கா அம்மாவைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துப் பிய்த்து ஆங்கிலம் கதைத்தா, அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்களுக்குத் தமிழ் தெரியும் பிள்ளை” என்றா. “ஓ, தமிழா, சூப்பர் ஆண்ட்டி, தம்பி சாப்ட்டாரா?” “ஓம், கொஞ்சம் முந்தித்தான் கஞ்சி குடிச்சவர், பேந்து ஒண்டும் ஏலாமல் கிடக்கு, கதைக்கவும் பஞ்சிப்படுறார்.” பிரமீளா அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு லிஜி சிஸ்டரிடம் திரும்பி, “என்ன சொல்றாங்க?” என்றா. கோட்டயத்திலிருந்து வந்த லிஜி சிஸ்டர்தான் எங்கள் தமிழைச் சென்னைத் தமிழுக்கு மாற்றிச் சொன்னா. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நான் மூன்று பேரையும் பிடித்துவிட்டேன், பிரமீளா அக்காவின் ‘சூப்பர்’, அம்மாவின் ‘பேந்து’, லிஜி சிஸ்டரின் மூக்கு, அண்ணாவின் கட்டில் காலடியில் நின்று மூன்று பேருமாகக் கதைத்தேன், அப்போது அவனை இன்னும் கண்ணாடிக்குள் போடவில்லை, அவன் தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான், தலையில் மயிரும் இருந்தது. அந்தக் கிழமை, ஏழு நாளும், எவ்வளவு நல்ல கிழமை. வருத்தத்துக்கு மருந்து செய்ய வந்த கிழமையை நல்ல கிழமை என்று ஆராவது சொல்வார்களா. நான் சொல்வேன். பக்கத்துக் கதிரையில் அபு ஹைதர் தஸ்பீக் மணிமாலையை உருட்டுகிறார். பஸ்ராவில் இருந்து வந்தவர், மகன் அடுத்த அறையில், இருபத்திரண்டாம் நாள், போன கிழமையே ஐந்நூறு தாண்டிவிட்டான், தாண்டிய அன்று அவர் இந்த நடை முழுக்கப் பேரீச்சம்பழம் கொடுத்தார். அவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு சொல்தான், கமிஸ்மியா, ஐந்நூறு. காலையில் வந்தவுடன் பிளாஸ்கில் இருந்து கறுத்த ரீ ஊற்றித் தந்து, “கமிஸ்மியா, இன்ஷா அல்லா” என்பார். முன்பு நான் அதையே அவர் தொண்டையில் திருப்பிச் சொல்வேன், அவர் தொடையில் அடித்துச் சிரிப்பார். இந்த ஐந்து நாளும் தலையை மட்டும் ஆட்டுகிறேன். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை, கேட்க மொழி இல்லை, ரீயில் சீனியை மட்டும் கூட்டிவிட்டிருக்கிறார்.

சீனி கூடின ரீ என்றால் எங்கள் வெள்ளவத்தை வீடு. நாலாம் மாடி, சமையலறை யன்னலால் பார்த்தால் ரயில்பாதை, அதற்கு அங்கால் கடல், பின்னேரம் நாலரைக்குச் சூன்பாண் வரும், முச்சக்கரவண்டிக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் பாணும் மீன் வைத்த மாலுபாணும், மேலே ஸ்பீக்கரில் அந்த ரிங் ரிங் மெட்டு, அதைக் கேட்டால் முழு பிளாட்டும் கூடையோடு படியிறங்கும். எனக்குப் பதினொரு வயதில் அந்த மெட்டு வாயில் வந்துவிட்டது. பல்லை நெருக்கி மூக்கால் விட வேண்டும், மெல்லத் தொடங்கிக் கூட்டினால் வண்டி ஒழுங்கைக்குள் திரும்புவது போலவே இருக்கும். முதல் நாள் மூன்றாம் மாடிப் பூரணம் அன்ரி கூடையோடு இறங்கி ஒழுங்கையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏறினா. இரண்டாம் நாள் பூரணம் அன்ரியோடு இன்னும் நாலு பேர். மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டார்கள், அம்மாவிடம் நல்ல அடி. நாலாம் நாள் உண்மையான சூன்பாண் வந்தது, நின்றது, மெட்டை மூன்று தரம் போட்டது, ஒருவரும் இறங்கவில்லை, எல்லா வாசலிலும் “அந்தச் சனியன்தான், பேசாமல் இருங்கோ” என்ற குரல். அண்ணா மட்டும் செருப்பைக் கொளுவிக்கொண்டு இறங்கிப் போய் இரண்டு மாலுபாண் வாங்கி வந்தான். “எப்பிடியடா தெரியும் உனக்கு?” “உன்ர சூன்பாண் மூண்டாவது சுரத்திலை பிழைக்கும். அவன்ரை பிழைக்காது.” மாலுபாணைப் பிய்த்து மீன் கூடின பாதியை எனக்குத் தந்தான். அந்த மீனின் மிளகு இப்போதும் நாக்கில். ஆறு இருபத்தொன்பது. அவன் தோள் ஏறி இறங்குகிறது, மூச்சு, நித்திரையா முழிப்பா தெரியாது. பிறகு அந்தக் கரண்ட் கட் வருசம், பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பின்னேரம் ஆறு மணியிலிருந்து இருட்டு, பெரியாக்கள் எல்லாம் நாடு முடிந்தது என்று பெருமூச்சு விட, எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் பெருநாள். ‘ஆர் இது’ என்று ஒரு விளையாட்டு. நான் இருட்டில் ஒரு ஆளாகக் கதைப்பேன், அவன் டோர்ச்சைத் தன் கையில் அடித்து மூன்று விரலை நிமிர்த்தி வைத்திருப்பான், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரல் மடங்கும், மூன்றாவது மடங்குவதற்குள் சொல்லிவிடுவான். பல்லுக்கட்டில் காற்றுப் போகிற பூரணம் அன்ரி, ஒரு சொல். “நோனா, வத்துர நே” என்று தண்ணீர் இல்லாததை ஏதோ பரிசு விழுந்த மாதிரிச் சொல்கிற காவலாளி குணதாச, ஒன்றரைச் சொல். “பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி” என்கிற நூறாம் நம்பர் பஸ் கொண்டக்டரில் ஆறு பேர் என்னிடம் இருந்தார்கள், எந்தக் கொண்டக்டர் என்று கூடச் சொல்வான். ஒருநாள் நான் அவனாகவே கதைத்தேன். இரண்டு விரல் மடங்கி, மூன்றாவது பாதியில் நின்று, “இது ஆரடி, நல்ல மனிசனாய்க் கிடக்கு” என்றான். ஒருநாளும் தோற்றதில்லை. அம்மா ஏமாந்திருக்கிறா, அப்பா ஏமாந்திருக்கிறார், என் பள்ளிக்கூட உப அதிபரே தன் குரலைக் கேட்டுத் தானே எழும்பி நின்றிருக்கிறார். அவன் மட்டும் இல்லை. மூன்று சொல். அதுதான் கணக்கு. அதை நம்பித்தானே.

இல்லை, அதற்கு இன்னும் போகவில்லை, வேறு யோசி. என் செல்களை எடுத்த மெஷினை யோசி. வலது கையால் இரத்தம் போய், மெஷினுக்குள் சுற்றி, தேவையானதை அது எடுத்துக்கொண்டு, மிச்சம் இடது கையால் வரும், நாலு மணித்தியாலம் இரண்டு கையையும் அசைக்கக் கூடாது. அதற்கு முன் ஐந்து நாள் ஊசி, இடுப்பு எலும்புக்குள் ஆரோ கதவு தட்டுவது போல நோ. நாலு மணித்தியாலம் சும்மா கிடக்க என்னால் முடியுமா, கைதானே கட்டு, வாய் இல்லையே, நான் முழு மாடியின் குரலிலும் கதைத்தேன், நேர்ஸ்மார் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்தால் கை ஆடும், ஆடினால் மெஷின் கீ கீ என்று அலறும், அதையும் நான் அலறிக் காட்ட, எது மெஷின் எது நான் என்று தெரியாமல் லிஜி சிஸ்டர் இரண்டு தரம் ஓடி வந்தா. உதடெல்லாம் விறுவிறுத்தது, கால்சியம் தந்தார்கள். தலைக்கு மேலே பை நிறைந்தது, தக்காளிச் சொதி நிறம். அதற்கும் முதல் டொக்டர் செங்குட்டுவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அவர்தான் இந்த மாடியின் சாமி, பஸ்ராவிலும் டாக்காவிலும் யாழ்ப்பாணத்திலும் சனங்கள் அவர் பெயரைக் கடதாசியில் எழுதி மடித்துப் பேர்ஸுக்குள் வைத்துக்கொண்டு வருகிறார்கள், ஆனால் சாமி ஒருநாளும் வரம் தராது, எதைக் கேட்டாலும் இரண்டு தரம் தொண்டையைச் செருமி, “நல்லாருக்குன்னு சொல்ல மாட்டேன், மோசம்னும் சொல்ல மாட்டேன்” என்பார். “பயமா இருக்காம்மா? வேண்டாம்னா இப்பவே சொல்லு, வெளியில நான் வேற காரணம் சொல்லிக்கறேன்.” நான் இரண்டு தரம் செருமினேன். “பயம்னு சொல்ல மாட்டேன், பயமில்லைன்னும் சொல்ல மாட்டேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கடதாசியில் படம் கீறிக் காட்டினார், அண்ணாவின் எலும்புக்குள்ளே இரத்தம் செய்கிற வேலை நின்றுபோயிற்று, அங்கே இருக்கிறதை மருந்தால் வெறுமையாக்கிவிட்டு உன் செல்லை விடுவோம், அதுகள் வழி கண்டுபிடித்துப் போய் எலும்புக்குள் உட்கார்ந்து அவனுக்கு இரத்தம் செய்யும், அவன் உடம்பைத் தன் உடம்பு என்று நினைத்து. நினைக்காவிட்டால், என்றேன். “அதான் பார்க்கணும்.” ஆக என் செல்கள் அவனுக்குள் போய் அவனாக நடிக்க வேண்டும். இந்த உலகத்தில் அந்த வேலைக்கு என் செல்லைவிடத் தகுதியான செல் உண்டா. அண்ணாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன், “இனி உன்ர ரத்தம் பொம்பிளை ரத்தம்.” “அது பரவாயில்லை, பகிடி விடுற ரத்தமாய் இருந்தால்தான் பிரச்சினை” என்றான். அப்போது அது பகிடி. இப்போது இந்தக் கதிரையில் இருந்து நினைத்தால் வேறு மாதிரி. என்னைப் போலவே இருந்தால், உள்ளே போய் வேலையைச் செய்யாமல் விளையாடிக்கொண்டு, நாற்பது என்று காட்டி, அறுபது என்று காட்டி.

நாற்பது. சரி. பதினோராம் நாள். அவனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், வாய் முழுக்கப் புண், எச்சில் விழுங்கவே மருந்து, சிரித்து ஒரு கிழமை. இந்த மாடியில் கண்ணாடி ஒரு பக்கம், போன் ஒரு பக்கம், ரிசீவர் கதவு மூலைக்குள் சுவரில் தொங்குகிறது, வயர் குட்டை, கதைக்கிற குரல் அவன் தலைமாட்டுப் பெட்டியில் கேட்கும், ஆனால் கதைக்கிற ஆள் அவனுக்குத் தெரியாது. கண்ணாடியில் நின்றால் தெரியும், ஆனால் கதைக்க ஏலாது. அதனால் எல்லாக் குடும்பமும் இரண்டு இரண்டு பேராகத்தான் வருவது, ஒருவர் போனில், ஒருவர் கண்ணாடியில். அம்மா போனில் சொல்லச் சொல்ல நான் கண்ணாடியில் அம்மாவுக்கு நடிப்பேன், கையை அசைத்து, முந்தானையால் மூக்கைத் துடைத்து. அன்றைக்கு அம்மா வாடகை வீட்டில் அவனுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தா, நான் தனிய. ஆறே முக்கால். எனக்கு ‘ஆர் இது’ விளையாட வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு யோசனையும் இல்லை, சத்தியமாக. ரிசீவரை எடுத்து இரண்டு தரம் செருமி, “துவாரகன், குட் மார்னிங்பா” என்றேன். மூன்று சொல். அதில் நின்றேன். ‘சாம்பு, வையடி’ என்று என் பெயர் வர வேண்டிய இடம் அது. வரும் என்று வாயில் சிரிப்பைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். இரைச்சல். பிறகு, “டொக்டர், சொல்லுங்கோ.” அந்தக் குரல். எனக்கு எல்லாக் குரலும் தெரியும், அந்தக் குரல் தெரியாது, பத்தொன்பது வயது அண்ணாவுக்குள் இருந்து நாலு வயதுப் பிள்ளை ஒன்று வந்து வாசலில் நின்றது போல. அந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் ஒன்றுமில்லை. என் வாய் நிற்கவில்லை, நான் பயந்துபோய் நிற்கிறேன், டொக்டர் கதைக்கிறார், “நல்லாருக்குன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஐநூறு தாண்டிருச்சுப்பா.” ரிசீவரைக் கொளுவிவிட்டுக் கண்ணாடிக்கு ஓடினேன். பகிடி என்று காட்டத்தான் ஓடினேன். டொக்டர் போலத் தோளைச் சரித்து இரண்டடி நடந்தேன். அவன் கட்டிலில் எழும்பி இருந்து என்னைப் பார்த்து ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான், கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, மற்றக் கையில் தன் கைபோன், அப்பாவோடு கதைத்துக்கொண்டிருக்கிறான். நான் என்ன செய்தேன் என்றால், நானும் ஐந்து விரலைக் காட்டினேன். அதுதான். பகிடி அல்ல, அந்த ஐந்து விரல். எங்கள் சனத்துக்குச் செய்தி போக எவ்வளவு நேரம், வெள்ளவத்தையில் அப்பா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க முன்னமே ரொறன்ரோவில் மாமி அழுதுவிட்டா, ஒஸ்லோவில் சித்தப்பா, பாரிஸில் மச்சாள், எல்லா நாட்டு நேரத்திலும் ஆட்கள் நித்திரையால் எழும்பி அழுதார்கள். இருபது நிமிசத்தில் லிஜி சிஸ்டர் உள்ளே போய் மார்க்கரைத் திறந்து கண்ணாடியில் எழுதினா. எனக்குப் புறம் திரும்பி. அவனுக்கு நேராக. நாற்பது. அவன் அதைப் பார்த்தான், பிறகு அதற்கூடாக என்னைப் பார்த்தான், பிறகு திரும்பிப் படுத்தான்.

அம்மா ஏசவில்லை. “ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனீ” என்று ஒரே ஒரு தரம், கொதிதண்ணீரில் பிளாஸ்கைக் கழுவிக்கொண்டே. டொக்டர் ஒன்பது மணி ரவுண்ட்ஸ் முடித்து வெளியே வந்து என் கதிரைக்கு முன்னால் நின்றார். எழும்பினேன். “என் குரல் ரொம்ப நல்லா வந்துச்சாமே” என்றார். “ஐநூறுன்னு நான் சொன்னா எப்படி இருக்கும்னு எனக்கே சரியா தெரியாது. அவ்வளவு அபூர்வமா சொல்றேன்” என்றார், போய்விட்டார். அடித்திருக்கலாம். அன்றிலிருந்து நான் ஒருவராகவும் கதைக்கவில்லை. கதைக்காவிட்டால் அவர்கள் போய்விடுவார்கள் என்றால் அதுவும் இல்லை, உள்ளேயே நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள், பூரணம் அன்ரி, குணதாச, கொண்டக்டர் ஆறு பேர், ஒரு பஸ் நிறைய ஆள். ஆறு ஐம்பது. அவன் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப அங்கேதான் போய்ச் சிக்குகிறது. இருட்டில், ரயில் இரைச்சலில், கடல் இரைச்சலில் கண்டுபிடித்தவன். நான் அவ்வளவு நன்றாகச் செய்துவிட்டேனா, இல்லை, என் டொக்டரில் பிழை இருந்தது, செருமல் கூடிப்போயிற்று, எனக்கே தெரிந்தது, அவனுக்குத் தெரியாமல் போகுமா. அவனுக்கு அது டொக்டராக இருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு ஆசை. ஒரு பயமும் இல்லாத ஆள் என்றல்லவா அவனை நினைத்திருந்தேன். முதல் முதல் அவன் காலில் நீலம் பாய்ந்த அன்றும் அப்படித்தான், ரயில்பாதையில் தண்டவாளத்துக்கு மேலே கையை விரித்து நடந்துகொண்டிருந்தோம், பின்னேர வெயில், கடலை வாங்கித் தின்று உப்புக் கை, அவன் சறுக்கி முழங்கால் அடிபட்டது, சின்ன அடி, வீட்டுக்கு வந்து பார்த்தால் தொடை வரைக்கும் கத்தரிக்காய் நிறம். நான் பள்ளிக்கூட நேர்ஸின் குரலில், “ஐயோ, இந்தப் பிள்ளைக்கு மையில் செய்த ரத்தம்” என்றேன். அவன்தான் கூடச் சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்த நீலத்தை ஒரு விரலால் அமத்திப் பார்த்தான், அப்போது அவன் முகம் ஒரு கணம். அதை நான் கண்டேன். கண்டும் அடுத்த குரலுக்குப் போய்விட்டேன். அந்தப் பின்னேரத்தைத் திரும்பத் தந்தால் நீலத்தோடேயே எடுத்துக்கொள்வேன், உப்புக் கை, வெயில், தூரத்தில் ரயில் வருகிற அதிர்வு தண்டவாளத்தில், இரண்டு பேரும் காதை வைத்துக் கேட்டது, அளுத்கம ரயிலா மாத்தறை ரயிலா என்று பந்தயம், அதிலும் அவன்தான் வென்றது.

லிஃப்ட் திறக்கிற சத்தம். ஆறு ஐம்பத்தெட்டு. அம்மா ஏழரைக்குத்தானே. திரும்பிப் பார்த்தால் டொக்டர். ஒன்பது மணிக்கு வருகிறவர். தலை ஈரம், வெள்ளைக் கோட் இல்லை, சட்டைக் கையில் பொத்தான் போடவில்லை. அவர் நேரத்துக்கு முந்தி வந்த ஒரு நாள் எனக்குத் தெரியும், ஆறாம் அறைக்கு வந்தார், அன்று பின்னேரம் அந்த அறைக் கண்ணாடியில் இருந்த இலக்கத்தை எல்லாம் துடைத்துவிட்டார்கள். அபு ஹைதரின் தஸ்பீகும் நின்றுவிட்டது. டொக்டர் என்னைப் பார்க்கவில்லை, நேரே கதவு மூலைக்குப் போய் ரிசீவரை எடுத்தார், நான் பின்னால் போய் நின்றேன், அவர் முழங்கைக்குப் பக்கத்தில், சவர்க்கார வாசம், செருமவில்லை, அவர் செருமவில்லை. “துவாரகன், குட் மார்னிங்பா. செங்குட்டுவன் பேசறேன். ஐநூத்தி நாப்பதுப்பா. லேப்ல ரெண்டு தடவை பார்க்கச் சொன்னேன். ஐநூத்தி நாப்பது.” சொல்லும்போதே குரல் ஏறிப் பிளந்து, கடைசிச் சொல்லில் சிரிப்பு. அந்த மனிசனிடம் இப்படி ஒரு குரல் இருந்திருக்கிறது. ஐந்நூற்று நாற்பது. ரிசீவர் கரகரத்தது, அது எப்போதும் ஊருக்கே கேட்கத்தான் கரகரக்கும், எனக்கும் கேட்டது, மெல்லமாய், புண் வாயால், ஐந்து நாளுக்குப் பிறகு.

“சாம்பு, போதும். வை.”

டொக்டர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்தார். “நான் டாக்டர்பா.” “மூண்டு சொல்லு மட்டும் நல்லாத்தான் வந்தது. பேந்து பிழைச்சிட்டாய். அந்தாள் இவ்வளவு சந்தோசமாக் கதைக்க மாட்டார்.” டொக்டர் இப்போதுதான் என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கியது. நான் ரிசீவருக்குக் கையை நீட்டினேன், நான் சொல்கிறேன், என் குரலில் சொல்கிறேன், நீட்டிய கை பாதியில் நின்றது, என் குரல் போனால் அவனுக்கு இன்னும் நிச்சயமாகிவிடும், ஓம் இவள்தான், இங்கேதான் நிற்கிறாள் என்று. இந்த வாயால் இனி அவனுக்கு எதையும் நம்ப வைக்க ஏலாது. வாயை மூடிக்கொண்டுதான் ஏலும். “நிப்பாட்டாதேங்கோ டொக்டர், கதைச்சுக்கொண்டே இருங்கோ” என்றேன், கண்ணாடிக்கு ஓடினேன். ‘கண்ணாடியைத் தட்டாதீர்கள்’ என்று ஐந்து மொழியில் ஒட்டியிருக்கிறது, அதற்கு மேலேயே தட்டினேன், மூன்று தட்டு, மூலையில் டொக்டர் கதைத்துக்கொண்டிருக்கிறார், “நாளைக்கும் இதே மாதிரி வரணும், நாளன்னைக்கும் வரணும், அப்புறம்தான் நான் நிம்மதியா தூங்குவேன், நீ கொஞ்சம் திரும்புப்பா, கண்ணாடியைப் பாரு,” அந்தக் குரல் அவன் தலைமாட்டில், என் தட்டு இங்கே, இரண்டு இடத்திலும் ஒரு ஆள் நிற்க ஏலாது, அண்ணா, யோசி, நீதானே கெட்டிக்காரன். தோள் அசைந்தது. குழாய்களை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, முதலில் காது, பிறகு கன்னம், கன்னம் எங்கே, எலும்புதான், பிறகு கண். நான் இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். இறுக்கி. ஒரு சொண்டு அசைவது கூடத் தெரியாமல். டொக்டர் கதைக்கிறார். என் வாய் மூடியிருக்கிறது. டொக்டர் கதைக்கிறார். அவன் தலைமாட்டுப் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் பெட்டியை. உள்ளே லிஜி சிஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றினா, எனக்கும் அவனுக்கும் நடுவில் நீலமாய் ஒவ்வொன்றாக விழுந்தது, புறம் திரும்பி, ஐந்து, நாலு, சைபர். பின்னால் அபு ஹைதர், “கமிஸ்மியா” என்றார், குரல் உடைந்து.

அண்ணாவின் உதடு அசைகிறது. இங்கே கேட்காது. கண்ணாடியில் நிற்பவர் கதைக்கவும் ஏலாது, கேட்கவும் ஏலாது. மூலையில் இருந்து டொக்டர் எட்டிப் பார்த்தார், ரிசீவர் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில். “உன்கிட்ட சொல்லச் சொல்றான்மா.” அவனைப் போலவே சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றியதோ, யாழ்ப்பாணத்து வாயை எங்கிருந்தோ தேடி எடுத்து, மிக மோசமாக, “ ‘அவளைக் கையை எடுக்கச் சொல்லுங்கோ’ ” என்றார். வாழ்நாளில் இப்படிப் பிழையான ஒன்றை நான் கேட்டதில்லை. கைக்குள்ளே சிரிப்பு முட்டி மூக்கால் வந்தது, கண்ணாலும் வந்தது. கையை எடுக்கவில்லை. உள்ளே எல்லாரும் வாசலுக்கு வந்து நெருக்குகிறார்கள், பூரணம் அன்ரி, குணதாச, ஆறு கொண்டக்டர், எடுத்தால் ஆர் முதலில் விழுவார் என்று எனக்கே தெரியாது. கண்ணாடிக்கு அங்கால் அண்ணா தலையணையில் சாய்ந்து, ஊசி குத்தாத கையைத் தூக்கி, மூன்று விரலை நிமிர்த்திப் பிடித்தான். பிடித்தபடி காத்திருக்கிறான்.